பாபிலோன் பார்க்கப் போன லாரி

இடிந்த கட்டடம் என்றால் எங்கப்பாவுக்கு உயிர். தோட்டத்தில் ஒரு பழைய மாட்டுப்பட்டியின் சுவர் விழுந்தால்கூடப் போய் நின்று கண்குளிரப் பார்த்துவிட்டு வருவார். கிழமை நாட்களில் அவர் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகிற தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தகரக் கூரை தேவாலயத்தில் உபதேசியார். எங்கள் தோட்டம் ராகலைப் பக்கம். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் அத்தனை லயங்களிலும் தேடினால் வேதக்காரக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு தேறும். அந்தப் பத்துப் பன்னிரண்டுக்கும் அப்பா வருடம் முழுக்கச் சொன்னது ஒரே சங்கதிதான். எந்தெந்த ராஜ்யம் இடிந்து விழும் என்று எபிரேயத் தீர்க்கதரிசிகள் சொன்னார்கள், அது எப்படியெப்படி இடிந்தது என்பதே அந்தச் சங்கதி.

எங்கள் வீட்டில் தீர்க்கதரிசிகளுக்குப் பட்டப்பெயர் உண்டு. பெரியவர்களைப் பெயர் சொல்லிப் பேசக்கூடாது என்று அம்மா ஆரம்பித்துவைத்த பழக்கம் அது. பள்ளத்தாக்கு நிறையக் காய்ந்த எலும்புகளைப் பார்த்தவர் எலும்புக்காரர். ஊர் அழியப் போகிறதே என்று அழுதுகொண்டே திரிந்தவர் அழுகைக்காரர். மீன் வயிற்றுக்குள் போய் வந்தவர் மீன்காரர். கட்டினவள் விட்டுப் போன பிறகும் தேடிப் போய்க் கூட்டிவந்தவர் பெண்டாட்டிக்காரர். அப்பாவுக்கு முதல் இரண்டு பேர் மேலும் கொள்ளைப் பிரியம். மீன்காரரை ஏதோ பொறுத்துக்கொண்டார். பெண்டாட்டிக்காரரைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அப்பாவுக்குக் கிட்டத்து எழுத்துக்குக் கண் மங்கல். அதனால் குப்பிலாம்பு வெளிச்சத்தில் தினமும் அவருக்கு வேதம் வாசிப்பது என் வேலை. பாபிலோன் பாழாகும், அரண்மனைக்குள் நரி ஊளையிடும் என்று வருகிற இடங்களில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். அந்தப் பெரியவர்கள் எல்லாரிடமும் ஒரு குணம் உண்டு. மூச்சுப்பிடித்துத் திட்டிவிட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்தி ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார்கள். அந்த இடம் வந்ததும் அப்பா, "போதும் புள்ள, மூடு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதியில் மூடுகிற புத்தகத்தை எதற்குத் திறக்க வேண்டும்? அப்போதும் சரி, இப்போதும் சரி, பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அப்பா மூடியது புத்தகத்தை மட்டும் அல்ல. என் அக்கா இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் லயத்திலேயே இருந்த ஒருவரை மாரியம்மன் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். மச்சான் தங்கமான மனிதர், ஆனால் வேதக்காரர் இல்லை. போதாக்குறைக்குத் தோட்டத்துத் தப்பு அடிப்பவர். தப்பு என்பது பறைதான். மாசி மாதக் காமன் கூத்துக்கு அடிப்பதும் அவர், விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்ட அடிப்பதும் அவர். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தோட்டமே எழுந்து, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடப் போய் வரிசையில் நிற்கும். கல்யாணம் ஆன அன்றைக்கு அப்பா சொன்னார்: "எனக்கு இனிமே ஒரு பொண்ணுதான்." அதற்குப் பிறகு அக்காவைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். மச்சானைப் பார்க்கவே மாட்டார். ஆனால் தினமும் அவரை எழுப்பிவிட்டதே மச்சானுடைய தப்புதான். இந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லி நானும் அக்காவும் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

அந்தச் சிரிப்பு பங்குனியோடு நின்றது. பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மச்சான் வேலை பேசிவிட்டு வந்தார். "மூணு காம்பரா தள்ளி இருந்துகிட்டு, இல்லாத ஆளு மாதிரி எத்தன நாளைக்குங்க இருக்கிறது?" என்று அம்மாவிடமே சொன்னார். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அக்கா என்னிடம் அழுதாள். "அப்பா ஒரே ஒரு தரம் அவர 'வாங்க'ன்னு சொல்லிட்டாப் போதும்டி. எம் புருஷன் ஒரு அடி நகரமாட்டாரு. சொல்லமாட்டாரே, பாவி மனுஷன்!" சித்திரை வருடப்பிறப்பு முடிந்து, அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற லாரியும் பேசியாகிவிட்டது.

அந்த லாரி ராகலை டவுனில் மரக்கறி வியாபாரம் செய்த முஸ்லிம் நானாவுடையது. அதே லாரியில்தான் வருடப்பிறப்பு லீவுக்கு மாரியம்மன் கோயில்காரர்கள் ஒரு பயணம் கிளம்பினார்கள். பொலன்னறுவையில் சோழ ராஜா காலத்துச் சிவன் கோயில் இருக்கிறதாம், அங்கே பொங்கல் வைத்துவிட்டு, அனுராதபுரத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடு. இடம் மிச்சம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றார் நானா. அப்பாவின் காதில் விழுந்தது "இடிஞ்ச அரண்மனை" என்ற சொல் மட்டும். ஐயோ, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பாபிலோனுக்கு பஸ் கிடையாது, நினிவேக்கு ரயில் கிடையாது, பொலன்னறுவைக்கு மரக்கறி லாரி இருக்கிறது. தப்பு அடிக்க மச்சான் வருகிறார் என்று தெரிந்தும் அப்பா முதல் ஆளாக வேதப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அவர், லாரியை ஓட்டிய நானாவின் முதுகுக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல். மச்சானும் அக்காவும் லாரியின் வால் பக்கம். நடுவில் நானும் அம்மாவும் லயத்துச் சனங்களும். லீவு நாளில் மலையை விட்டு இறங்குகிறோம் என்ற சந்தோஷத்தில் றம்பொடை வளைவுகளிலேயே பாட்டு ஆரம்பித்துவிட்டது. மச்சான் தப்பை எடுத்தார். அப்பா துண்டை எடுத்துக் காதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கண்டி தாண்டி, மாத்தளை தாண்டி, வெயில் ஏற ஏற எங்கள் குட்டு வெளிப்பட்டது. குளிர் ஊர்க்காரர்கள் நாங்கள், ஆளுக்கொரு கம்பளி போர்த்திக்கொண்டு வந்திருந்தோம். தம்புள்ளையில் இறங்கியபோது எல்லார் முகமும் அவித்த கிழங்குபோல ஆகியிருந்தது. அங்கே மலைக்குகைக்குள் வரிசை வரிசையாகப் பெரிய புத்தர் சிலைகள், கூரை முழுக்க ஓவியம். நாங்கள் வாய் பிளந்து நின்றோம். அப்பா சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இடியலயே" என்று குறைப்பட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பொலன்னறுவை அவர் மனதைக் குளிர வைத்தது. கூரை இல்லாத அரண்மனை, தலை இல்லாத தூண், யாரும் ஏறாத படிக்கட்டு. அந்தி நேரம் முழுக்க ஓடி ஓடிப் பார்த்தார். "சொன்னாங்களா இல்லையா! சொன்னாங்களா இல்லையா!" என்று வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார். நானா, "உபதேசியாரே, உங்க ஆளுங்க இந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டாங்களே. இதுக்குமா சாபம் போட்டாங்க?" என்று கிண்டினார். அப்பா அசரவில்லை. "ராஜாக்கள் எல்லாம் ஒண்ணுதான் நானா. ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரி" என்றார். அன்றிரவு குளக்கரை மரத்தடியில் கம்பளியை விரித்துப் படுத்தோம். பக்கத்திலேயே ராஜா மந்திரிகளோடு கூடிப் பேசிய மண்டபம். தூண்களும் ஒரு கல் சிங்கமும் மட்டும் அதில் மிச்சம்.

மறுநாள் விடியலில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு அடங்காது. பொங்கலுக்குப் புறப்படுமுன் மச்சான் சருகைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டினார். தோல் இறுகிவிட்டதா என்று பார்க்க நாலு தட்டு தட்டினார். பழகிப்போன கை. அது தட்டியது பெரட்டுத் தப்பு. அவ்வளவுதான். மரத்தடியில் கிடந்த அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமலே எழுந்தோம். பெண்கள், கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை, இல்லாத இடத்தில் தேடித் தடவினோம். ஆண்கள் இல்லாத கத்திக்குக் கையை நீட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக நடந்து, அந்தத் தூண்களுக்கு நடுவில், ஆண்கள் ஒரு வரிசை பெண்கள் ஒரு வரிசை என்று அடக்க ஒடுக்கமாக நின்றுவிட்டோம். எங்களுக்கு முன்னால் கணக்கப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் கல் சிங்கம் நின்றுகொண்டிருந்தது. நல்ல ஊர்தான், நல்ல பெரட்டுதான்!

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் யார் யாரோ. சிரிப்பு அலையாகப் போய் ஆண்கள் வரிசையில் மோதியது. அங்கே நடுவில், தலையில் கம்பளி, கண் பாதி மூடி, பெயர் கூப்பிடக் காத்து நிற்கிறார் எங்கப்பா! ராஜா மண்டபத்தில், தன் மருமகன் அடித்த தப்புக்கு! அவர் கண்ணைத் திறந்தார், தூணைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார். உடம்பே குலுங்கச் சிரித்தார். மச்சான் தப்பைப் பிடித்தபடி ஓடிவந்து, "தெரியாமத் தட்டிட்டேங்க" என்றார், அவரும் சிரித்துக்கொண்டே. இரண்டு பேர் கண்ணும் ஒரு நொடி நேருக்கு நேர் சந்தித்தன. அக்கா என் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், அப்பாவின் சிரிப்பு பாதியில் அறுந்தது. கம்பளியை உதறிக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

சிவன் கோயிலில் எல்லாரும் பொங்கல் வைக்க உள்ளே போனார்கள். கோயில் இடியவே இல்லை. கருங்கல் சுவர், உச்சி வரை அப்படியே நின்றது. உள்ளே லிங்கத்தின் மேல் யாரோ புதிதாகப் பூ வைத்திருந்தார்கள். அப்பா வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தார். "யாரு வச்ச பூ?" என்று நானாவிடம் கேட்டார். "போறவங்க வர்றவங்க யாராவது வைப்பாங்க. ஆயிரம் வருஷமா வச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க" என்றார் நானா. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "புள்ள, அழுகைக்காரர எடுத்து வாசி" என்றார் என்னிடம்.

எனக்குக் காலையிலிருந்தே கோபம். அந்தச் சிரிப்பை அறுத்தாரே என்ற கோபம். நான் அழுகைக்காரரை எடுக்கவில்லை, பெண்டாட்டிக்காரரை எடுத்தேன். அந்தப் பெரியவர் தனக்குப் பிறந்த பிள்ளைக்கே "என் ஜனம் இல்லை" என்று பெயர் வைக்கிறார். அப்படிப் பெயர் வை என்று கடவுளே சொல்கிறார். ஒரு குழந்தைக்கு வைக்கிற பெயரா அது! அப்பா தலையை ஆட்டவில்லை. "போதும், மூடு" என்றார். நான் மூடவில்லை. குரலை உயர்த்தி வாசித்தேன். கோபம் தீர்ந்த பிறகு அதே கடவுள், யாரை என் ஜனம் இல்லை என்றாரோ அவர்களையே பார்த்து, நீங்கள் என் ஜனம் என்று சொல்லும் நாள் வரும் என்ற இடம் வரைக்கும் வாசித்தேன். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்து, எங்களைப் பார்த்து இந்த நாடும் என் ஜனம் இல்லை என்றுதானே சொல்லியிருந்தது. பிறந்து வளர்ந்த மண், கொழுந்து பறித்த மண், நீ என் ஜனம் இல்லை என்றால் எப்படி வலிக்கும் என்று எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"ஒங்களுக்கு எத்தன பொண்ணுப்பா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. லாரியில் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்த அம்மாவிடம், "ஒம் பொண்ணுக்கு வாய் நீளம்" என்று மட்டும் சொன்னாராம். எந்தப் பொண்ணு என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அனுராதபுரம் சேர்ந்தோம். மலை மலையாகச் செங்கல் தாதுகோபங்கள், காடு ஏறிக் கிடந்த அரண்மனைகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒற்றைத் தூண்கள். அப்பா ஆசைப்பட்ட பாபிலோன் இதுதான். ஆனால் அவர் யாரையும் நிறுத்திச் "சொன்னாங்களா இல்லையா" என்று கேட்கவில்லை. நாங்கள் காட்டிய இடத்தைப் பார்த்தார், கூப்பிட்ட இடத்துக்கு வந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

சாயங்காலம் குருநாகல் ரோட்டில் திரும்பினோம். லாரி வால் பக்கத்தில் பாட்டும் தப்பும் ஓய்ச்சல் இல்லாமல் நடந்தது. ஊர் முடிகிற இடத்தில், ரோட்டோரம் செவ்விளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெரியவர் நடுரோட்டுக்கு வந்து கையை விரித்தார். நானா பிரேக் போட்டார். பெரியவர் கோபமாக இல்லை. தப்பைக் காட்டி, அடிக்க வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம், மரம் முளைத்துக் கிடந்த ஒரு பெரிய செங்கல் மேட்டைக் காட்டினார். நானா அவரிடம் விசாரித்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்.

அது ஒரு சமாதி. சோழ தேசத்திலிருந்து வந்து இங்கே நீதியாக ஆண்ட தமிழ் ராஜாவுடையது. பசுவுக்கு நீதி செய்யத் தன் மகனையே கொன்றவர் என்பார்களே, அவர்தான்; பெயர் உங்களுக்கே தெரியும். யானை மேல் நடந்த சண்டையில் அவரைக் கொன்றது சிங்கள ராஜா. கொன்றவரே அவருக்குச் சமாதி கட்டி, இந்த வழியாக யார் போனாலும் வாத்தியத்தை நிறுத்திவிட்டு, இறங்கி நடந்து போக வேண்டும் என்று கட்டளை போட்டாராம். இரண்டாயிரம் வருடமாக அப்படித்தானாம். அது அவர் சமாதியே இல்லை, வேறு யாருடையதோ என்று படித்தவர்கள் சொல்வதைப் பின்னால் கேள்விப்பட்டேன். சொல்லிக்கொள்ளட்டும். அன்றைக்கு அது அவருடையதுதான்.

மச்சான் தப்பைக் கம்பளிக்குள் சுற்றினார். எல்லாரும் இறங்கினோம். லாரி காலியாகப் பின்னால் ஊர்ந்து வர, நாங்கள் பேச்சு மூச்சு இல்லாமல் நடந்தோம். அப்பா மட்டும் நானாவின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே வந்து, மெதுவாகக் கேட்டார்.

"கொன்னவரேவா சொன்னாரு?"

"கொன்னவரேதான்."

"சாமி வேற தானே?"

"சாமி வேற, பாஷ வேற, எல்லாமே வேற உபதேசியாரே."

"அப்படி இருந்துமா?"

நானா தோளைக் குலுக்கினார். அப்பா ஜன்னலை விட்டுவிட்டார். நின்று அந்த மேட்டைப் பார்த்தார். இடிந்ததைப் பார்க்கிற பார்வை இல்லை அது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தார்.

மறுபடி ஏறி உட்கார்ந்தோம். சமாதி பின்னால் போய்விட்டது. வயல் வந்தது, தென்னந்தோப்பு வந்தது. ஒருவரும் பாடவில்லை. மச்சான் கம்பளியைப் பிரிக்கவும் இல்லை. வருகிற ஞாயிறு இதே லாரியில் தன் சாமானை ஏற்ற வேண்டியவர், அதே நினைப்பில் இருந்தாரோ என்னவோ, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா. அந்த இரண்டு தலையும் லாரி ஆட ஆடச் சேர்ந்து ஆடியதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அப்போது அரிசி மூட்டைப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"மாப்புள, தாண்டி ரொம்ப தூரம் வந்தாச்சு. இன்னும் எதுக்கு சும்மா வர்றீங்க? அடிங்க!"

லாரியே நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை, எங்களுக்குத்தான் மூச்சு நின்றது. மச்சான் யாரைச் சொல்கிறார் என்பதுபோலத் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் ரோடுதான் இருந்தது.

அக்கா எழுந்தாள். சந்தோஷத்தில் அழுவாள், ஓடிப்போய்க் காலில் விழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எங்கள் குடும்பத்துப் பொண்ணு ஆயிற்றே! இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள் பாருங்கள். "ரெண்டு வருஷமா இந்த வாய் எங்கப்பா போயிருந்துச்சு? ஒரே பீலியில தண்ணி எடுத்தோமே, அப்ப எங்க போச்சு? காய்ச்சல்ல கெடந்தேனே, அம்மாவ மட்டும் அனுப்பினீங்களே, அப்ப எங்க போச்சு? ராஜா சமாதியப் பாத்தாத்தான் ஒங்களுக்கு மக நெனப்பு வருமா?" லாரி குழியில் விழுந்து எழுந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். லயமே வாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. "ஏ புள்ள, போதும்டி" என்று அம்மா முந்தானையை இழுத்தாள்.

"விடு, சொல்லட்டும். முழுக்கச் சொல்லட்டும்" என்றார் அப்பா. அவர் முகம் முழுக்கக் கண்ணீர். அதோடு வாய்கொள்ளாத சிரிப்பு. பொலன்னறுவையில் அரண்மனையைப் பார்த்தபோதுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அக்கா திட்டித் திட்டிக் களைத்து, சனங்களைத் தாண்டிக்கொண்டு போய், அவர் பக்கத்தில் அரிசி மூட்டை மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

மச்சான் இன்னும் வால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார். முன்பக்கம் பார்த்து, லாரி இரைச்சலுக்கு மேலே சத்தமாகக் கூப்பிட்டார்.

"நானா! வர்ற ஞாயித்துக்கெழம லாரி வேணாம்!"

நானா ஹாரனை நீட்டி அழுத்தினார், கையை எடுக்கவே இல்லை. ரோட்டில் ஒரு மாடுகூட இல்லை.